பீரோ சாவி யாருகிட்ட இருக்குங்க? சேலத்து ஹெச்.எம்.களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் டவுன், அம்மாபேட்டை, ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர், மேல ஏற்காடு வரைக்கும் பள்ளிக்கூடம் நடத்துற ஹெச்.எம். அம்மாக்களுக்கும் சாருங்களுக்கும், டைம்டேபிள்ல லைப்ரரி பீரியட்னு ஒன்னு போட்டு அதைத் தலையில கட்டிவிட்ட தமிழ் டீச்சர்களுக்கும் வணக்கமுங்க.

உங்கள்ல பாதிப் பேருக்கு என்னையத் தெரியாது, மீதிப் பேருக்கு முகம் தெரியும் பேரு தெரியாது, "அந்தக் கதை எழுதுற அம்மா". பகல்ல ஒரு ஜவ்வரிசி மில்லுல கணக்கு எழுதுறேன். எத்தனை லோடு குச்சிக்கிழங்கு வந்துச்சு, எத்தனை மூட்டை ஜவ்வரிசி போச்சு, யாருக்கு எவ்வளவு கூலி, இதான் பொழப்பு. ராத்திரி சோறாக்கி எல்லாரும் படுத்த பொறவு அதே மாதிரி கோடு போட்ட நோட்டுல புள்ளைங்களுக்குக் கதை எழுதுறேன். இப்ப மூணாவது புக்கு வந்திருக்கு, பேரு "பதினேழாவது வளைவு", 9 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் இருக்கிற பசங்களுக்கான நாவல்.

புக்கு வந்தா எழுதுனவங்க என்ன பண்ணுவாங்களோ அதையெல்லாம் நானும் பண்ணேங்க. ஸ்டேட்டஸ் வச்சேன், அட்டைப்படத்தப் போட்டேன், கைதட்டுற எமோஜி எல்லாம் வந்துச்சு, 140 பேரு ஹார்ட்டு போட்டாங்க, அதுல இருபது வயசுக்குக் கீழ ஒரே ஒருத்தர் இல்ல. மாமா, சித்தி, மில்லு ஓனரு, எங்க தெரு பிரிண்டர், கூடப் படிச்சவங்க, மத்த எழுத்தாளருங்க. நான் யாருக்கு எழுதுனேனோ அந்த ஆளுங்க அந்தப் பக்கமே இல்ல, அவங்க கையில போன் இருந்தாலும் அதுல வேற என்னமோ ஓடிட்டு இருக்கும். காசு அவங்க கையில இல்ல, கடைக்குத் தனியா போக மாட்டாங்க, புத்தகத் திருவிழாவுக்கு வந்தாலும் அம்மா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் பொது அறிவு கேள்வி பதில் ஸ்டால்ல நிறுத்திடுவாங்க. அவங்க உங்ககிட்டதான் இருக்காங்க, காலையில இருந்து சாயந்திரம் நாலரை வரைக்கும். அதனாலதான் இந்த லெட்டரு உங்களுக்கு.

வாங்குங்கன்னு கேக்கறதுக்கு எழுதலைங்க. வாங்குனா சந்தோசம்தான், அதுல பொய் சொல்லி என்ன ஆகப்போவுது, ரெண்டாவது புக்குக்கே இன்னும் அச்சுக்கூலி பாக்கி நிக்குது. ஆனா வாங்கிப் பூட்டி வைக்கிறதா இருந்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஏன் சொல்றேன்னா எனக்கு அந்த அனுபவம் ஆயிருக்கு.

நாலு வருசத்துக்கு முன்னாடி என் மொத புக்கு வந்தப்ப ஒரு ஸ்கூல்ல (எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், நல்ல மனுசங்கதான்) ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாங்க. லைப்ரரிக்குன்னு 40 காப்பி வாங்குனாங்க, எனக்கு தலைகால் புரியல. காலையில பதினோரு மணி, பிப்ரவரி மாசம், சேலத்து வெயிலுக்கு பிப்ரவரி ஏப்ரல்னு எல்லாம் கணக்கே கெடையாது, புள்ளைங்க எல்லாம் மண்ணுல உக்காந்திருக்கு, மேடையில நாங்க பந்தல் நெழல்ல உக்காந்திருக்கோம். வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, எனக்குப் பொன்னாடை போத்துனாங்க, அந்த வெயில்ல அந்த ஜரிகைத் துணி கழுத்துல என்னமா குத்துச்சுங்கறீங்க. "நேரமின்மை காரணமாக எழுத்தாளர் அவர்கள் ரெண்டு நிமிடம்"னாங்க. ரெண்டு நிமிசத்துல என்னாத்தச் சொல்றது, எல்லாரும் நல்லா படிங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன், எனக்கே என் மேல வெறுப்பா வந்துச்சு. 40 புக்கையும் பளபளா பேப்பர்ல சுத்தி ரிப்பன் கட்டி, சிறப்பு விருந்தினர் குடுக்க ஹெச்.எம். வாங்க, போட்டோ.

அடுத்த வருசம் எங்க தங்கச்சி பொண்ணுக்கு டி.சி. வாங்க அதே ஸ்கூலுக்குப் போனேன். ஆபீஸ் ரூமுக்கு வெளிய வராண்டாவுல கண்ணாடி போட்ட பீரோ. உள்ள என்னோட புக்கு 40. பளபளா பேப்பரு கூடப் பிரிக்கல, மேல இருக்கிற ஒரு கட்டுல மட்டும் ஓரம் கிழிஞ்சு அட்டையில பாதி தெரியுது. ஆறாவது படிக்கிற பொண்ணு ஒன்னு அந்தக் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டி வச்சுப் பாத்துட்டு இருந்துச்சு, கண்ணாடியில மூச்சுக் காத்து வட்டமா படிஞ்சிருக்கு. நான் நின்னதப் பாத்துட்டு, "அக்கா, அந்த அணிலு படம் போட்டதுல உள்ள என்னக்கா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. நான்தான் எழுதுனேன்னு சொல்லக்கூட நாக்கு வரல. சாவி எங்கன்னு கேட்டா, சாவி வச்சிருக்கிற டீச்சரு பிரசவ லீவுல இருக்காங்கன்னாங்க.

அந்த டீச்சர் மேல எனக்குத் துளிகூட கோவம் இல்லீங்க. பின்னால அவங்களையே ஒருநாள் புது பஸ் ஸ்டாண்டுல பாத்துப் பேசுனேன், கையில கொழந்தை. "மேடம், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல 40ன்னு ஏத்தியாச்சு, வருசக் கடைசியில எண்ணுறப்ப 39 இருந்தா நான்தான கட்டணும், பசங்ககிட்ட குடுத்தா கிழிப்பாங்க, தொலைப்பாங்க, எனக்கு எதுக்கு வம்பு"ன்னாங்க. யோசிச்சுப் பாத்தா நியாயந்தான். நானும் கணக்கு எழுதுறவதான், ஒரு மூட்டை கொறஞ்சா எனக்கு எப்பிடி வயித்தக் கலக்கும்னு எனக்குத் தெரியாதா. பசங்க படிக்கக் கூடாதுன்னு யாரும் பூட்டல, ரிஜிஸ்டர்ல எண்ணிக்கை சரியா இருக்கணும்னு பூட்டுறாங்க. சீர்காழி ரங்கநாதன் 1931லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வச்சாரு, மொத விதியே புத்தகம் பயன்படுத்தத்தான்ங்கறது. ஆகஸ்ட் 12 வந்தா நூலகர் தினம்னு அவரு போட்டோவுக்கு மாலை போடுறோம், அந்த மாலை தொங்குற ஆணி நெறைய எடத்துல பூட்டுன பீரோவுக்கு நேர் மேலதான் அடிச்சிருக்கும்.

சரி, இந்தத் தடவ புக்கு எப்பிடி, எதுக்கு இந்த வயசுப் பசங்கன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நெறைய பேரு "குழந்தைகள் கதையா, நரி காக்கா கதையா"ங்கறாங்க. அஞ்சு வயசுப் புள்ளைக்குப் படம் போட்ட புக்கு இருக்கு, நரி, சிங்கம், ராஜா, எல்லாம் இருக்கு. பதினஞ்சு பதினாறு ஆனா பெரியவங்க படிக்கிற சரித்திர நாவலுக்குப் போயிடறாங்க, போறவங்க. நடுவுல இந்த 9ல இருந்து 13 வரைக்கும் ஒரு காலம் இருக்கு பாருங்க, அப்பதான் புள்ளைங்க பெத்தவங்களுக்குத் தெரியாம ஒரு விசயம் வச்சுக்க ஆரம்பிக்கும், ஃபிரெண்டு கூட சண்டை போட்டா ரெண்டு நாளு சாப்பிடாது, வீட்டுல காசு இல்லைங்கிறது அதுக்கு நல்லாப் புரியும் ஆனா கேக்காது. அந்த வயசுக்கு நம்மூரு தெருவ, நம்மூரு பஸ்ஸ, நம்மூரு பேச்ச வச்சு எழுதுன முழு நாவல் எத்தனை இருக்குன்னு உங்க லைப்ரரியில தேடிப் பாருங்க. இருக்கு, இல்லாம இல்ல, நல்லா எழுதுறவங்க தமிழ்ல இருக்காங்க, ஆனா புள்ள கைக்கு வந்து சேர்றது கம்மி. அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கம்னு சின்னச் சின்ன புக்கா போட்டுக் குடுக்கறாங்க, நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா பிரிச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை அது, ஊஞ்சல், தேன்சிட்டுன்னு பசங்களுக்கான பத்திரிகையும் வேற வருது. ஆனா பறன்னு சொல்லி வுட்டாச்சு இல்லீங்களா, பறந்து போன குருவி போய் உக்கார ஒரு கிளை வேணாமா?

கதை இதாங்க. ஏற்காட்டுல ஒரு காபி தோட்டம், அங்க பழம் பறிக்கிறவங்க வீட்டுப் பொண்ணு செல்வி, பதினோரு வயசு. அவளும் அவ தம்பியும் பஸ்ல கீழ சேலத்துக்கு எறங்கறாங்க. பதினேழாவது கொண்டை ஊசி வளைவுல தடுப்புச் சொவரு மேல ஒத்தக் கொலுசு ஒன்னு வெயில்ல மின்னுறதை ஜன்னல் வழியா பாக்கறா. ஒத்தக் கொலுசு, ஜோடி இல்ல. யாரோடது, எப்பிடி அங்க வந்துச்சு, இதைச் செஞ்ச கையி யாருது, இதான் நாவல். இதுக்கு மேல சொல்ல மாட்டேன், நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

முன்ன எழுதுனப்ப செல்வி பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கி எடுக்கிற மாதிரி எழுதியிருந்தேங்க, மலை ஏறுற பஸ்ஸு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்துப் பிரதிய எடுத்துட்டுப் போய் மேல ஏற்காட்டுப் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுத் திண்ணையில வச்சு அந்தத் தெருப் பசங்க பன்னெண்டு பேருக்குப் படிச்சுக் காட்டுனேன். நல்லாக் கேட்டுட்டு இருந்தாங்க, பஸ் நிக்கிற எடம் வந்ததும் பின்னால சொவத்துல சாஞ்சு கொய்யாக்கா கடிச்சுட்டு இருந்த ஒரு பையன், "அது பொய்யிங்க"ன்னான். ஏம்பான்னேன். "ஏத்தத்துல வளைவுல எந்த டிரைவரும் வண்டிய நிறுத்த மாட்டாருங்க, திருப்பி எடுக்கிறப்ப பஸ்ஸு பின்னால போவும். எங்க மாமா ஓட்டறாரு"ன்னான். மத்தவங்க எல்லாம் ஆமாங்க ஆமாங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப எப்பிடிதாண்டா இவ கொலுசப் பாக்கறதுன்னு கேட்டேன், அவன் கொய்யாக்காய மென்னுட்டே சொல்றான், "எறங்குற பஸ்ஸுன்னு போடுங்க. மேல ஏறுற லோடு லாரி வந்தா எறங்குற வண்டிதான் ஒதுங்கி நின்னு வழி வுடணும், அதான் மலை ரோட்டு ரூலு. அப்ப பஸ்ஸு சும்மா நிக்கும், பாத்துக்கலாம்". நான் ரெண்டு மாசமா மண்டைய ஒடைச்சுட்டு இருந்த அத்தியாயத்த அவன் ஒரு கொய்யாக்கா தின்னு முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணிட்டான். அதே கூட்டத்துல ஒரு சின்னப் பொண்ணு, "வாந்தி வரலியா அவளுக்கு?"ன்னு கேட்டுச்சு, அதுவும் ஞாயந்தான், இருபது வளைவு எறங்கறோம் ஒருத்தர் கூடவா எலுமிச்சம்பழம் மோந்து பாக்கல, அதையும் சேத்தேன். இப்ப சொல்லுங்க, இந்தப் பசங்களுக்குப் படிக்கத் தெரியாது, கவனம் நிக்காதுன்னு எவன் சொன்னது?

கொலுசுக்காக செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடுன்னு ஒரு மழைக்காலம் பூரா அலைஞ்சேன். சேலத்துல பொறந்து வளந்தவதான், கொலுசுன்னா சேலம்னு ஊருக்கே தெரியும், ஆனா அது எப்பிடி ஆவுதுன்னு எனக்கு நாப்பது வயசு வரைக்கும் தெரியாதுங்க. ஒரு கொலுசு ஒரே வீட்டுல முடியறதில்ல. கம்பி இழுக்கிறது ஒரு எடம், வளையம் கோக்கறது வேற வீடு, பொடி வச்சு ஊதி ஒட்டறது இன்னொரு வீடு, சலங்கை வைக்கிறது, பாலீஷ் போடுறது எல்லாம் வேற வேற சந்து, வேற வேற கையி. ஒரு வீட்டுல இருக்கிறவங்களுக்கு அடுத்த வீட்டு வேலை தெரியாது, ஜோடியா முடிஞ்ச கொலுச அவங்க பாக்கறதே கம்மி. அதனால செல்வியும் அவ தம்பியும் கையில இருக்கிற கொலுச வச்சுக்கிட்டு பின்னால பின்னால போறாங்க, பாலீஷ் போட்ட வீட்டுல இருந்து சலங்கை வச்ச வீட்டுக்கு, அங்கிருந்து ஊதுன வீட்டுக்கு.

ஒரு பட்டறையில, பட்டறைன்னா வீட்டு முன் ரூமுதான், ஒரு அக்கா ஊதுறதப் பாத்துட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஃபேன் போட மாட்டாங்க, போட்டா பொடி பறந்துடும், நெருப்பு ஆடும். வேர்வை நெத்தியில இருந்து எறங்கி மூக்கு நுனிக்கு வரும், அப்பவும் கைய எடுக்க மாட்டாங்க, தோள்பட்டையில மூஞ்சியத் தொடச்சுக்குவாங்க. நான் கெளம்பறப்ப, "அக்கா ஒரு நிமிசம், அந்தச் சாக்கு மேல நின்னு சேலைக் கரைய ஒதறிட்டுப் போங்க"ன்னாங்க. எனக்கு மொதல்ல புரியல. தரையில கெடக்கிற தூசியில வெள்ளி இருக்குங்க, அதைக் கூட்டி வச்சு, கை கழுவுன தண்ணியக்கூட வாளியில சேத்து வச்சு, உருக்கறவங்ககிட்ட குடுத்தா காசு. "நீங்க போற செருப்புலயும் எங்க கூலி கொஞ்சம் ஒட்டிட்டுப் போவும்"னு சிரிச்சுட்டே சொன்னாங்க. ஒதறிட்டு வெளிய வந்து தெருவுல நின்னு என் செருப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். இந்த சீனு நாவல்ல அப்பிடியே இருக்கு, என் எடத்துல செல்வி நிக்கிறா அவ்வளவுதான். உங்க கிளாஸ்ல இருக்கிற பசங்கள்ல நெறைய பேரோட அம்மாவே இந்த அக்காவா இருக்கலாம். சேலம்னா பாடப்புத்தகத்துல உருக்காலை பத்திப் படிச்சிருப்போம், ஏற்காட்டுக்கு 1820கள்ல கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டாந்தாருன்னு வினாடி வினாவுல சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்போம், அந்தக் காபியப் பறிக்கிற கையி ஒரு கதையில வந்து புள்ளைங்க படிச்சதுண்டா?

இப்ப ஒரு கூத்த சொல்றேன். அத்தியாய நம்பரு நாவல்ல தலைகீழா இருக்குங்க. மொத அத்தியாயம் 20, அப்புறம் 19, 18, கடைசி அத்தியாயம் 1. மலையில இருந்து எறங்கறாங்க இல்லையா, வளைவு நம்பரு போர்டுலயும் அப்பிடித்தான வரும். போன மாசம் ஒரு ஹெச்.எம். சாருக்கு காப்பி குடுத்தேன், ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டு, "அம்மா, பெரிய அச்சுப்பிழை ஆயிருக்கு, பைண்டிங்ல ஃபாரம் (அச்சடிச்ச பக்கக் கட்டு) மாத்தி வச்சுட்டாங்க போல, மொத அத்தியாயமே 20ன்னு இருக்கு, பிரிண்டர் கிட்ட காசக் குடுக்காதீங்க"ன்னாரு. அக்கறையாத்தான் சொன்னாரு, பாவம். அதே புக்க அவரு பேத்தி ஏழாவது படிக்குது, அது தாத்தாகிட்ட வாங்கி ஒரு பார்வை பாத்துட்டு, "தாத்தா, எறங்குறாங்க"ன்னுச்சாம்.

இன்னொன்னு கேக்கறாங்க, "இந்தக் கதையில நீதி என்னங்க?" சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. செல்வி ஒரு எடத்துல பொய் சொல்றா, அந்தப் பொய்யால நல்லது நடக்குது, அவ தம்பி உண்மைய சொல்றான், அதால ஒருத்தருக்கு வேலை போவுது. இதுக்கு என்ன நீதி எழுதறது? பசங்கள எழுந்து நிக்க வச்சு, "இக்கதையிலிருந்து நீ அறிந்து கொண்டது யாது"ன்னு கேட்டீங்கன்னா அதோட முடிஞ்சுச்சு, அடுத்த புக்க அவன் தொட மாட்டான். அவனுக்கு அது இன்னொரு பாடம், இன்னொரு அஞ்சு மார்க்கு. தின்ன தட்டுவடை செட்டுல எத்தனை கிராம் பீட்ரூட்டு இருந்துச்சுன்னு யாராச்சும் கேப்பாங்களா? நல்லா இருந்துச்சா, இன்னொரு செட்டு வேணுமா, அவ்வளவுதான கேக்கோணும்.

இங்கிலீஷ் மீடியம் நடத்துற நிர்வாகிகளுக்குத் தனியா ரெண்டு வார்த்தை. உங்க பசங்க தமிழ் பேசுறதுல கொறையே இல்ல, கிளாஸ்ல கசமுசன்னு பேசறது பூராம் தமிழ்தான், படிக்கச் சொன்னா மட்டும் எழுத்துக் கூட்டி நிக்குது. எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு பொண்ணு, பன்னெண்டு வயசு, "ஆன்ட்டி, தமிழ்ல நான் ரொம்ப ஸ்லோ"ன்னு கூச்சப்பட்டுச்சு. நீ படிக்க வேண்டாங்கண்ணு, உங்க பாட்டியப் படிக்கச் சொல்லிக் கேளுன்னு புக்கக் குடுத்தேன். பாட்டி அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, கண்ணாடியப் போட்டுக்கிட்டு தினம் சாயந்திரம் ஒரு அத்தியாயம், நம்மூரு பேச்சுல எழுதியிருக்கிறதால ராகம் போட்டு நல்லா படிக்கறாங்க. 16ம் அத்தியாயத்துல பாட்டி கண்ணாடியக் கழட்டி வச்சு "நாளைக்கு"ன்னு மூடிட்டாங்க. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சவங்க பாத்தா அடுப்பங்கரை லைட்டு எரியுது, இந்தப் பொண்ணு வெறுந்தரையில உக்காந்து வெரல வரி வரியா நகத்திட்டு 15வது அத்தியாயத்துல இருக்கு. அடுத்த நாள் பாட்டி என்கிட்ட வந்து புகாரு, "என்னைய வுட்டுட்டுப் படிச்சிட்டா பாரு"ன்னு. எழுத்து 14 பாயிண்டுல போட்டது இதுக்குத்தான், பக்கம் கூடும் காசு கூடும்னு பிரிண்டர் சொன்னாரு, கூடட்டும்னுட்டேன். 144 பக்கம், ஒம்போது ஃபாரம், வெல 180 ரூவா, ஊடால கோட்டோவியம் இருக்கு.

இப்ப நான் கேக்கறது என்னன்னு நேரா சொல்லிடறேன். 500 காப்பி அடிச்சிருக்கேன். அதுல 100 காப்பி எடுத்து வச்சிருக்கேன், 20 ஸ்கூலுக்கு, ஸ்கூலுக்கு 5. காசு வேண்டாம். ரசீது வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்த அஞ்சையும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தவே கூடாது. கணக்குல இல்லாத புக்கு தொலைஞ்சா யாருக்கும் நட்டம் இல்ல, யாரு சம்பளத்துலயும் கை வைக்க மாட்டாங்க, பீரோ தேவையில்ல. கிளாஸ் ஜன்னல் திண்டுல வச்சுட்டு மறந்துடுங்க. எவனாச்சும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி திருப்பியே குடுக்கலைன்னா ரொம்ப சந்தோசம், அவன் பேரக்கூட கேக்காதீங்க. (கணக்கு எழுதுறவ வாயில இருந்து இப்பிடி ஒரு பேச்சு வரும்னு எங்க ஓனருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்னு தெரியல.)

கூட ஒரு பீரியடு குடுங்க. விழா வேண்டாம், மேடை வேண்டாம், மைக்கு வேண்டாம், அந்த ஜரிகைத் துணி வேண்டவே வேண்டாம். ஆறாவதோ ஏழாவதோ ஒரே ஒரு கிளாஸ், நாப்பது நிமிசம், நான் பாட்டுக்கு வந்து 20ம் அத்தியாயத்தப் படிப்பேன், பசங்க கேள்வி கேப்பாங்க, போயிடுவேன். அந்த நேரம் கிளாஸ் டீச்சரு கையில குச்சி இல்லாம கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டா ரொம்ப நல்லா இருக்கும், டீச்சரு சிரிக்கறதப் பாத்தா பசங்களுக்கும் சிரிக்கலாம்னு தெகிரியம் வரும். எனக்கு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல மில்லு லீவு, மத்த நாள்ல அர நாள் லீவு போட்டுட்டு வர்றேன். பஸ்லயே வந்துடுவேன், வண்டி அனுப்ப வேண்டாம். மேல ஏற்காட்டு ஸ்கூலுங்கதான் மொதல்ல, ஏன்னா அந்தக் கொய்யாக்கா பையனுக்கு ஒரு காப்பி கடன் பட்டிருக்கேன், அவன் எந்த ஸ்கூல்னு கேட்டு வச்சுக்காம வந்துட்டேன். உங்க ஸ்கூல்ல மாமா பஸ் ஓட்டறாருன்னு பீத்திக்கிற ஆறாவது பையன் இருந்தா மொத சொல்லி அனுப்புங்க.

சர்க்கார் ஸ்கூலோ, எய்டடோ, பிரைவேட்டோ, எல்லாம் ஒன்னுதான். மொதல்ல கேக்கற 20க்குக் குடுப்பேன், சிபாரிசு வேண்டாம். அதுக்கு மேல வேணும்னா வெலைக்குத்தாங்க, அதுல கொஞ்சம் தள்ளுபடி பண்ணிக்கலாம், ஆனா அப்பவும் பீரோ கதவு தெறந்திருக்கான்னு வந்து எட்டிப் பாப்பேன், சொல்லிட்டேன். அப்புறம் ஊர் லைப்ரரியும் நம்மளுதுதாங்க, 1948லயே சட்டம் போட்டு வீட்டு வரியோட சேத்து நூலக வரின்னு வாங்கிட்டுத்தான் இருக்காங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது பசங்கள வரிசையா கூட்டிட்டுப் போய் அங்க வுடுங்க, அங்கயும் என் புக்கு இருந்தா பாருங்க, இல்லைன்னா கேளுங்க.

ஒரு வருசம் கழிச்சு மறுபடி வருவேன். அஞ்சுல எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ண மாட்டேன். ஒன்னே ஒன்னு மட்டும் பண்ணுங்க, நான் வர்றேன்னு தெரிஞ்சு கிழிஞ்ச பக்கத்த எல்லாம் டேப்பு போட்டு ஒட்டி, அட்டை போட்டு நீட்டா வச்சுடாதீங்க. எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு, எதுல எண்ணெய்க் கை பட்டிருக்கு, எங்க வந்து ஓரம் மடிச்சு வச்சிருக்காங்கன்னு நான் பாக்கோணும். அடுத்த புக்கு எழுதறதுக்கு எனக்கு அது வேணுங்க.